மதில்மேல் முப்பத்தொரு கழுத்து

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம், மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து லேப் அலமாரியை அடுக்கி வைத்ததுதான். அதற்குத்தான் தண்டனையும் கிடைத்தது. ஒழுங்கில்லாமல் செய்த மற்ற காரியங்களைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், பி.எஸ்ஸி. முடித்த சூட்டோடு அங்கே சயன்ஸ் வாத்தியாராக, அவர்கள் பாஷையில் மாஷாக, சேர்ந்தேன். சேர்ந்த அன்றே ஹெட்மாஸ்டர் ஒரு சாவிக் கொத்தையும் ஒரு தடிமனான ஸ்டாக் ரிஜிஸ்டரையும் என் கையில் வைத்து, "லேப் இனி மாஷோட சார்ஜ்" என்றார். எனக்கு முன்னால் இருந்தவர் அதில் எல்லாவற்றையும் 'கண்ணாடிச் சாமான், பலவகை' என்று ஒரே தலைப்பில் எழுதி வைத்திருந்தார். சோம்பேறி என்று நினைத்து, நான் ஒவ்வொரு சாமானையும் எண்ணித் தனித்தனித் தலைப்பில் எழுதி வைத்தேன். அவர் ஞானி என்று புரிய எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.

அந்தக் காலத்தில் நான் கண்டதையும் படிப்பவன். படித்ததை எங்கேயாவது பிரயோகித்துப் பார்க்க வேண்டும் என்ற அரிப்பும் உண்டு. அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் பீக்கருக்கு ஒரு வட்டம், கூம்புக் குடுவைக்கு ஒரு வட்டம் என்று அடிப்பாக அளவில் பெயிண்டால் வரைந்தேன். வட்டம் காலியாக இருந்தால் சாமான் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் எண், பெயர், வாங்கிய வருஷம் எல்லாம் எழுதிச் சீட்டு ஒட்டினேன். ஜூனில் மழை பிடித்தது. சுவரெல்லாம் வியர்த்தது; சீட்டின் பசையைக் கரப்பான் தின்றது. பக்கத்துக் கிடங்குகளின் சுக்கையும் மிளகையும் தின்று வளர்ந்த கரப்பான்கள். ஜீரண சக்திக்குக் குறைவில்லை. ஆகஸ்டில் என் அலமாரியில் மிஞ்சியவை வட்டங்கள் மட்டுமே. அவற்றில் அட்டெண்டர் தன் இஷ்டத்துக்குச் சாமான்களை உட்கார வைத்திருந்தார்.

அட்டெண்டர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் ராவுத்தர்; என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை ராவுத்தரே என்பேன், அவர் என்னைச் சாமி என்பார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழில் சண்டை போட்டுக்கொள்ள முடியும். அந்த வசதியை நாங்கள் வீணாக்கவில்லை.

"சாமி, வட்டத்துல வைன்னீங்க, வச்சிருக்கேன். எந்த வட்டம்னு சொன்னீங்களா?"

"எழுதி ஒட்டியிருந்தேனே, ராவுத்தரே."

"அதைக் கரப்பான்கிட்ட கேளுங்க."

உடைந்த சாமானைக் கணக்கிலிருந்து தள்ளுவதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. உடைந்தது என்று வாயால் சொன்னால் போதாது, உடைந்ததைக் காட்ட வேண்டும். ஒரு குடுவை உடைந்தால் எத்தனை சில்லு என்பதற்குக் கணக்கு கிடையாது. கழுத்து மட்டும் ஒன்றுதான். ஆகவே குடுவைக்குக் கழுத்து, பீக்கருக்கு மூக்கு, டெஸ்ட் டியூபுக்கு அடி என்று எடுத்து வைத்து, மேலதிகாரி வரும்போது எண்ணிக் காட்டித் தள்ளுபடி வாங்க வேண்டும். அதிகாரி வரவேயில்லை. கழுத்துகள் ஒரு பழைய தேயிலைப் பெட்டி நிறையச் சேர்ந்தன. வாசலில் கிடந்த அந்தப் பெட்டி போகிற வருகிறவர்களின் காலை எல்லாம் கீறியது. ஒரு நாள் நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது ராவுத்தர் வந்து நின்றார்.

"சாமி, இந்தக் கழுத்துப் பெட்டியை என்ன செய்ய?"

'நீர் ஆவியாகும் விதம்' என்பதற்கு ஒருவன் 'விதம் விதமாக ஆவியாகும்' என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். "எங்கேயாவது கொண்டுபோய்த் தொலையுங்களேன்" என்றேன். சொன்னதையும் அப்போதே மறந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், காயலுக்கு அக்கரையில் எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை முற்பகல் சேர வேண்டும். அந்த உத்தரவை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கம். கல்லூரி, பெரிய நூலகம், எல்லாவற்றுக்கும் மேலாக இனி பீக்கர் எண்ண வேண்டாம். ஆனால் லேபை இன்னொருவரிடம் ஒப்படைத்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஹெட்மாஸ்டர் என்னை விடுவிப்பார்.

சார்ஜ் எடுக்க வந்தது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு டீச்சர். சனிக்கிழமை காலை மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள் பீக்கர், பிப்பெட் எல்லாம் ஒருவழியாகச் சரியாயின. ஆபீஸில் சாயா ஏந்திக்கொண்டிருந்த இரண்டு பீக்கர்களையும், ஹெட்மாஸ்டர் மேஜையில் பூ வைத்திருந்த அளவு ஜாடியையும் மீட்டுக்கொண்டு வந்தேன். அப்புறம் குடுவைக்கு வந்தார்.

"மாஷே, புஸ்தகத்துல கூம்புக் குடுவை நாற்பத்தெட்டு. இங்கே பதினேழு."

"பாக்கி முப்பத்தொண்ணு உடைஞ்சது, டீச்சர்."

"சரி. கழுத்து எவிடே?"

திரும்பி ராவுத்தரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சாமிதானே தொலைக்கச் சொன்னீங்க?"

"எங்கே தொலைச்சீர்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். போன வருஷம் கட்டிய கிழக்கு மதில். அதன் தலை முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்து, வெயிலில் பளபளவென்று நின்றது. "மேஸ்திரி சில்லு வேணும்னார், பெட்டியோட கொடுத்துட்டேன். பாருங்க, இந்த வட்டாரத்துல யார் மதில் இப்படி மின்னுது?"

மதிலடியில் பெஞ்சு போட்டு ஏறினேன். முப்பத்தொரு கழுத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மேஸ்திரி தொழில் தெரிந்தவர். கழுத்துகளையெல்லாம் தலைகீழாகச் சிமென்டில் புதைத்து, உடைந்த கூர் முனையை மேலே விட்டிருந்தார்.

"அப்பத்தான் சாமி பிடிப்பு இருக்கும்" என்று கீழேயிருந்து விளக்கினார் ராவுத்தர். "குத்துறதுதானே மேலே வரணும்."

"எண்ண முடியுமா மாஷே?" என்றார் டீச்சர்.

"கையைக் குத்திக்கொள்ளத்தான் முடியும்" என்று இறங்கினேன்.

ஹெட்மாஸ்டர் வந்தார். நாலு கழுத்தையாவது கொத்தி எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "மாஷே, இந்தப் பள்ளிக்கூட வளப்புல ரெண்டு மாமரம். மதில் வந்த பிறகுதான் நான் அதுல ஒரு மாங்கா தின்னேன். மதிலைத் தொடப்படாது." கழுத்துகள் மதிலுக்குள் இருப்பதாகச் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அதற்கும் மாட்டார். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து, மதில் லேபுக்குச் சொந்தம்னு சொன்னா?"

டீச்சரோ கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று ரிஜிஸ்டரை மூடிவிட்டார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. ஆறு வருஷம் முன்னால் நானும் அப்படிச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று எழுதுவதற்கில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே மூன்று பேரையும் லேபில் கூட்டிவிட்டேன். படகுத்துறை கால் மணி நடை. பன்னிரண்டு அடிப்பதற்குள் அக்கரையில் சேர்ந்தாக வேண்டும். பத்து மணி வரை ஹெட்மாஸ்டர் மதிலைப் பற்றியும் டீச்சர் கழுத்தைப் பற்றியும் பேசினார்கள். பத்தே காலுக்கு டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது.

"தள்ளுபடி வேண்டாம். ஸார் மதில் கட்டச் சொன்னார், லேப் சாமான் கொடுத்தது. மத்த கிளாஸுக்கு இரவல் கொடுக்கிற மாதிரி எழுதிடலாமே?"

எல்லோருக்கும் உயிர் வந்தது. இரவல் பக்கத்தைத் திறந்து எழுதினேன். சாமான்: குடுவைக் கழுத்து, முப்பத்தொன்று. பெற்றுக்கொண்டவர்: கிழக்கு மதில். இரவல் என்றால் மதில் லேபுக்குப் போய்விடாது என்று ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்தார். டீச்சரின் விரல் அடுத்த கட்டத்தில் வந்து நின்றது. 'திருப்பித் தரும் நாள்.'

"அது காலியா இருக்கட்டும், டீச்சர்."

"காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்த ஒரு கட்டத்துக்கு முக்கால் மணி நேரம். அடுத்த வருஷம் என்று எழுதினால் ஹெட்மாஸ்டர் சம்மதிக்கவில்லை; என்றும் இல்லை என்று எழுதினால் அது இரவல் இல்லை என்றார் டீச்சர். கடைசியில் ராவுத்தர்தான், "மதில் விழுற நாள்னு போடுங்களேன்" என்றார். போட்டேன். இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் ராவுத்தர் குரல் கேட்டது: "சாமி, சும்மா சொல்லப்படாது, உங்க காலத்துல உடைஞ்சதுதான் நல்லா மின்னுது!"

துறைக்கு வந்தபோது படகு நடுக் காயலில் இருந்தது. அடுத்த படகு பிடித்து, கல்லூரி ஆபீஸ் வாசலில் மூச்சிரைக்க நின்றபோது மணி பன்னிரண்டு பத்து. குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'பிற்பகல்' என்று எழுதினார். அன்று காலை பத்து மணிக்கே இன்னொருவர் வந்து அதே வேலையில் சேர்ந்திருந்தார். அந்த அரை நாளால் அவர் எனக்கு சீனியர், இன்றைக்கும் சீனியர்தான். அன்று எனக்குக் கீழே ஆளே இல்லை.

"கடைசியா சேர்ந்தவர்தான் லேப் கண்ணாடிச் சாமானைப் பார்த்துக்கணும், அதுதான் இங்கே வழக்கம்" என்று துறைத் தலைவர் சாவிக் கொத்தை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். அந்த லேப் அட்டெண்டரை முதன்முதலாகப் பார்த்து நான் கேட்ட கேள்வி அவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"இந்தக் கல்லூரியில் மதில் கட்டுகிற உத்தேசம் ஏதாவது உண்டா?"