வெளிறாத நீலம்

போன கிழமை காலையில் என் தையல் கடைக் கதவைத் திறக்கிறேன்... வாசலில் மரியதாஸ். கையில் பழைய நீல ஹொக்கி ஜேர்சி.

மரியதாஸ் மன்னார்க்காரன். கனடாவுக்கு அகதியாக வந்து முதலில் இறங்கியது கியூபெக் சிட்டியில். அந்த ஊர் ஐஸ் ஹொக்கி ரீம் என்றால் அவனுக்கும் மனைவி ஜெசிந்தாவுக்கும் உயிர். மொன்றியலுக்கு வந்த பிறகும் மாறவில்லை. நானோ மொன்றியல் ரீமின் கட்சி. அவர்கள் ரீமை நக்கலடித்துத்தான் எங்கள் சிநேகிதமே வளர்ந்தது!

போன வருடம் அந்த ரீமை விற்றார்கள். அமெரிக்காவுக்குப் போய்விட்டது. புது ஊர், புதுப் பெயர். அந்த மாரிக் குளிரில் ஜெசிந்தாவும் கண்ணை மூடினாள். இப்போது... அங்கே போன முதல் வருடமே ரீம் கப்பை வென்றுவிட்டது!

"அண்ணை, பழைய சின்னத்தைக் கழட்டிப்போட்டு இதைத் தைச்சுத் தாங்கோ." புதுச் சின்னத்தை எங்கோ தேடி வாங்கியிருக்கிறான். "அவள் இந்தக் கப்புக்கு எவ்வளவு காலம் காத்திருந்தவள்! கல்லறையில கொண்டுபோய்க் காட்டவேணும். நாங்கள் வெண்டிட்டம் எண்டு."

"அதுக்கென்னடாப்பா? சவரிமுத்து நான் 'சாம்' ஆனாப்பிறகுதானே என்ர கடையே ஓடினது. பேர் மாறினா என்ன?"

"நீங்கள் சனம் வரவேணுமெண்டு மாத்தினியள். அவங்கள் சனத்தை விட்டிட்டுப் போய் மாத்தினவங்கள்."

எனக்கே பதில் சொல்கிறான், பாருங்கள்!

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் துணி நோகாமல் தையல் பிரிக்க இந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. நூல் நூலாக எடுத்தேன். சின்னம் கழன்றது.

அடியில்... வெளிறாத நீலம்!

சுற்றிலும் துணி தோய்த்துத் தோய்த்து வெளுத்திருக்கிறது. நடுவில் மட்டும் பழைய சின்னத்தின் உருவம் அச்சாக நிற்கிறது. புதியதை மேலே வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பழையது எட்டிப் பார்த்தது.

மரியதாஸ் அந்த நீலத்தை விரலால் தடவினான்.

"அவள் வாங்கித் தந்த அண்டைக்கு இந்த நிறம்தான் அண்ணை..."

புதுச் சின்னத்தை ஒருபுறம் தள்ளி வைத்தான்.

"பழசையே தைச்சு விடுங்கோ. அந்தப் புதுப் பேர் அவளுக்குத் தெரியாது. வெண்டிட்டம் எண்டு சொன்னா, ஆர் வெண்டதெண்டு கேப்பாள்."

தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசலில் சற்று நின்றான் – வழக்கம் போல நான் ஏதாவது நக்கல் சொல்வேன் என்று.

நக்கலடிக்க இனி எனக்கு ஏது ரீம்?