மைதானத்து மைக்கில் பிறந்த பாட்டு

பர்மிங்காமில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அவரும் சும்மா இருப்பதில்லை, "டாரா, பாப்" என்று வழியனுப்புகிறார். 'பாப்' என்பது இந்த ஊர்க்காரர்கள் பெரியவர் சிறியவர் பாராமல் எல்லோரையும் அழைக்கும் செல்லச் சொல், எங்கள் நாகர்கோவில் பக்கத்து 'மக்கா' மாதிரி. நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில், முன்பின் தெரியாத மனிதர் என்னை எதற்குக் கொஞ்சுகிறார் என்று விழித்திருக்கிறேன். மாடிப் பேருந்தின் மேல்தட்டில் பையன்கள் கைப்பேசியில் ராப் பாட்டை அலறவிட்டுக் கூடவே பாடுவதும், அதை ஒருவரும் ஏனென்று கேட்காததும் அதைவிட விசித்திரம். வார்டில் என்னோடு வேலை செய்யும் மார்சியா இங்கேயே பிறந்தவள். "லண்டன்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்டாலே சிரிப்பார்கள். எங்கள் பையன்கள் அதே பேச்சில்தான் பாடுகிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்" என்றாள். எனக்கு உடனே என் தம்பி செல்வின் நினைவுக்கு வந்தான்.

எங்கள் ஊர் கடியப்பட்டணத்தில் கால்பந்துப் போட்டி என்றால் மைக் செல்வின் கையில்தான். எங்கள் கடற்கரையில் வர்ணனை என்பது பந்து எங்கே போகிறது என்று சொல்வது மட்டுமல்ல, ஆடுகிறவனை ஓட ஓடக் கேலி செய்வதும் அதில் சேரும். "பந்தையும் கொண்டு எங்கலே போற, மாமியா வீட்டுக்கா?" என்று அவன் இழுத்து ராகம் போட்டால் கோல்கீப்பரே சிரித்துவிடுவான். அந்த வாயோடுதான் நாகர்கோவிலில் மூன்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ராப் பாட ஆரம்பித்தான். வடசேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் பின்னறைதான் அவர்கள் ஸ்டுடியோ. பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தம் பாதிப் பாட்டில் கேட்கும்.

அவர்கள் பாட்டு எப்படியோ சென்னையில் ஒரு இசையமைப்பாளர் காதுக்குப் போனது. ஆல்பத்தில் சேர்க்கிறேன், ஆனால் இந்த இழுவைப் பேச்சு வேண்டாம், சென்னைப் பேச்சில் பாடி அனுப்புங்கள் என்றார். மற்ற மூவரும் சம்மதித்துவிட்டார்கள். செல்வினுக்குப் பாட்டைத் தவிர வேறு கனவு கிடையாது. இரண்டு விதமாகவும் பதிந்து எனக்கு அனுப்பிவிட்டு ஸ்கைப்பில் வந்தான்.

"அக்கா, ரெண்டும் கேட்டியா? எது நல்லாருக்கு? எது கொள்ளாம்?"

"உனக்கு எது கொள்ளாம்?"

"சென்னைக்காரங்க மாதிரி பாடுனா எனக்க வாய்க்குள்ள வேற ஒருத்தனுக்க நாக்கு இருக்கது மாதிரி இருக்கு."

அந்த நாக்கை எனக்கும் தெரியும். சென்னையில் நர்சிங் படித்தபோது "நீ மலையாளியா?" என்று கேட்டுக் கேட்டே என் பேச்சை இஸ்திரி போட்டு மடித்து வைக்கச் செய்துவிட்டார்கள். மறுநாள் ஊர்ப் பேச்சில் பதிந்த பாட்டை மார்சியாவுக்குப் போட்டுக் காட்டினேன். "பாவம், இவருக்கு யார்மேல் இவ்வளவு கோபம்?" என்றாள். "கோபம் இல்லை, கோல் விழுந்ததைச் சொல்கிறான்" என்றேன். அவள் நம்பவில்லை.

பிறகு மாதா கோயில் திருவிழாக் கால்பந்தின் இறுதி ஆட்டம் வந்தது. ஊர் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று இடைவேளையில் நால்வரும் மேடையேறிச் சென்னைப் பாட்டைப் பாடினார்கள். மாமியார் வீட்டு விருந்தாளி போல ஊர் மரியாதையாக உட்கார்ந்திருந்ததாம். எங்கள் ஊர் மரியாதை காட்டினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் ஒரு பெண் குரல் எழுந்தது: "ஏலே செல்வின், யாருக்க பாட்டுலே இது? உனக்க வாய் எங்கலே போச்சு?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவமானத்தோடு இறங்கியவன், இரண்டாம் பாதி தொடங்கியதும் வழக்கம்போல வர்ணனைக்கு மைக்கைப் பிடித்தான். கூட்டாளி ஒருவன் குறும்பாக அடியில் பீட்டை ஓடவிட்டான். அவ்வளவுதான். ஆட்டம் முடியும்வரை செல்வின் எங்கள் பேச்சிலேயே ராப்பாகக் கொட்டித் தீர்த்தான். ஊர் எழுந்து ஆடியது.

"அக்கா, அவியகிட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்று மறுநாள் கூப்பிட்டான். சென்னைக்காரர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. கூட்டாளிகளில் இருவர் சென்னைக்கே போய்விட்டார்கள். அது இழப்புதான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊருக்கென்று ஒரு ராப் நிலைக்குமா என்று கேட்டால் எனக்கும் பயம் உண்டு. ஆனால் அன்று மைதானத்தில் பிடித்த ஒலிப்பதிவு கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, வளைகுடாவில் மீன்பிடிக்கும் நம் ஆட்களின் படகுவரை போய்விட்டது. என் தம்பியை நினைத்தால் எனக்குப் பெருமை தாளவில்லை.

போன வாரம் பேருந்தின் மேல்தட்டில் அதைச் சத்தமாகவே போட்டேன். முன்சீட்டுப் பையன் தலையாட்டிக்கொண்டே திரும்பி, இது எந்த ஊர் என்றான். வழக்கமாகச் சென்னைக்குத் தெற்கே என்பேன். அன்று "கடியப்பட்டணம்" என்றேன். அவன் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துத் தோற்றுப்போய், "அது உங்கள் லண்டனா?" என்று கேட்டான்.

"இல்லை, எங்கள் பர்மிங்காம்."

அவனுக்கு அது ரொம்பவும் பிடித்துவிட்டது. என் நிறுத்தம் வந்ததும் கீழே இறங்கி, "தேங்க்ஸ், மக்கா" என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது. "டாரா, பாப்" என்றார் ஓட்டுநர். பேருந்து போய்விட்டது. பர்மிங்காம் மழையில் குடையை விரித்தேன். கைப்பேசியில் கடியப்பட்டணத்தின் இரண்டாம் பாதி இன்னும் முடியவில்லை.