ராகுகாலத்துக்கு முதல் திறந்த தண்ணீர்

இளங்கீரனின் புது வேலையைப் பற்றி நான் முதன்முதல் கேட்டது மெல்பேண் கேரம் டவுன்ஸ் கோயிலில், அன்னதான வரிசையில். என்ர சித்தப்பாவின் மகன் நித்தியானந்தன் தட்டோடு முன்னால் நின்றவன், திரும்பிச் சொன்னான்:

"அக்கா, தங்கச்சியின்ர மகன் இளங்கீரன் இப்ப மீனுக்கு வீடு கட்டுறான்."

"எத்தினை அறையாம்?"

"நக்கலடியாதையுங்கோ. ஏசியும் இருக்கு. எங்கட வீட்டிலயே அது இல்லை."

பிறகுதான் விளங்கியது. மெல்பேணுக்கு வெளியே, தரையிலேயே பெரிய தொட்டிகள் கட்டி, சால்மன் முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் கடல் பண்ணைக்கு அனுப்புகிற இடமாம். ஒரே தண்ணீரைத்தான் சுத்தமாக்கிக் குளிரவைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்களாம். அந்தக் குழாய்களெல்லாம் பூட்டினவன் இளங்கீரன். நித்திக்கு மருமகன், எனக்குப் பெறாமகன், மகன் முறை.

வேலை முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலையும், பண்ணை வளவுக்குள் ஒரு வீடும் தாறதாக மனேச்சர் சொல்லியிருந்தார். அவன் மனைவி யோகா டார்னெய்ட்டில் ஒரு பங்கு வீட்டில், இன்னொரு குடும்பத்தோடு ஒரே குசினியில் சமைத்து அலுத்தவள். அந்த வீட்டைப் போய்ப் பார்த்து, யன்னல்களுக்குத் துணியும் அளந்துபோட்டாள்.

தண்ணீர் திறக்கிற விழாவைச் செவ்வாய் பின்னேரம் மூன்றரைக்கு வைத்தார்கள். கடைசிக் குழாய் மூட்டுகளுக்கு முதல்நாள் பின்னேரம்தான் பசை பூசினது. ஒரு நாள் விட்டால்தான் பசை இறுகும். ஆனால் செவ்வாய் மூன்றரை ராகுகாலம். தனக்குச் சோறு போடப்போகிற தண்ணீர் அந்த நேரத்தில் முதன்முதல் ஓடுவதா என்று அவனுக்கு மனம் கேட்கவில்லை. கோயில் கலண்டரைப் பார்த்து, அன்று காலமை நல்ல நேரத்தில், ஒருவரும் வர முன்னம் போய்க் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பூட்டிவிட்டான். பசை காய முன்னம் தண்ணீர் விடாதேயுங்கோ என்று மற்றவர்களுக்குச் சொன்னதும் அவன்தான்.

விழா நன்றாக நடந்தது. குஞ்சுகளும் வந்தன. குளிர்காலம் முடிகிற நேரம் ஒரு மூட்டுக் கழன்று, ஒரு தொட்டி முழுக்க வற்றிப்போனது. விரல் நீளக் குஞ்சுகள் அடியில் பளபளத்துக்கொண்டு செத்துக் கிடந்தனவாம்.

பசை சரியில்லாத பசை என்று மனேச்சர் அதை விற்ற கடைக்காரனைத்தான் ஏசினார். இவன் பேசாமல் இருந்திருக்கலாம். பசை காய முன்னம் தண்ணீர் விட்டது தான்தான் என்று போய்ச் சொல்லிவிட்டான். நிரந்தர வேலையும் வீடும் இல்லையென்று ஆயிற்று.

அந்தக் கிழமை இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். அவனை இருத்தி வைத்துக்கொண்டே யோகா கேட்டாள்: "மாமி, இவரை ஆராவது கேட்டவையே?"

"அண்டைக்குத் தண்ணி பட்ட மூட்டு இன்னும் கிடக்கு," என்றான் அவன். "சொல்லாட்டி மற்றத் தொட்டியளும் போயிருக்கும்."

"மீனைக் காப்பாத்திப் போட்டீங்கள். எங்களை?"

அவன் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அடங்கவில்லை. "நாலரைக்குப் பிறகு வைப்பம் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி?"

"சிரிப்பாங்கள் எண்டு நினைச்சன், பெரியம்மா. இப்ப மனேச்சரும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னவர். கேட்டிருந்தால் மாத்தியிருப்பாராம்."



அந்த மூட்டுகளை வெட்டிப் புதிதாகப் போட்டார்களாம். மற்ற மீன்கள் தப்பிவிட்டன. பண்ணை வீட்டில் வேறு ஆள் இருக்கிறார். இளங்கீரன் இப்போது டார்னெய்ட்டில், அதே பங்கு வீட்டில் இருந்துகொண்டு, புது வீடுகளுக்குக் குளியலறைக் குழாய் பூட்டுகிறான்.