அம்மா நின்ற நானூறு விநாடிகள்

எங்கள் அச்சகத்தில் அவளுக்கு அரைப்புள்ளி என்று பெயர். வைத்தது நான்தான். எந்தப் பேச்சையும் அவள் முடிக்க மாட்டாள். "சரிதான், ஆனா..." என்று ஆரம்பித்து ஒரு பேச்சின் வாலில் இன்னொரு பேச்சைக் கட்டுவாள். பக்கம் வடிவமைக்கிற வேலை அவளுக்கு, பைண்டிங் பிரிவு எனக்கு. அவள் மாடியில் உட்கார்ந்து கணினியில் அழகாகப் போட்டு அனுப்புவது, கீழே என் மேசைக்கு வரும்போது ஓரம் இடித்துக்கொண்டு நிற்கும். நான் மூச்சு வாங்க மாடி ஏறிப் போய்க் கத்துவேன். "சரிதான்க்கா, ஆனா..." என்பாள். பதினாலு வருடம் இப்படியே ஓடியது. இதற்குச் சிநேகிதம் என்று பெயர் வைக்க எங்கள் இரண்டு பேருக்குமே வெட்கம்.

அவளும் அவள் அம்மாவும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். புருஷன் இல்லாத வீட்டில், பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து மகளை ஆளாக்கியவர் அந்த அம்மா. தையல் மிஷின் நின்றாலும் வாய் நிற்காது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "அச்சுல வந்திருக்கா? காட்டு" என்பார். நாளைக்குத் தண்ணீர் வராது என்று எதிர்வீட்டுக்காரி சொன்னால்கூட அதே கேள்விதான். மகள் அச்சகத்தில் சேர்ந்த அன்றைக்கு, ஏதோ அவள் நீதிபதி ஆகிவிட்ட மாதிரி தெருவெல்லாம் சொல்லி வந்தாராம். அச்சில் எவ்வளவு பொய் வரும் என்று எனக்கும் அரைப்புள்ளிக்கும் தெரியும். பிழை திருத்தம் ஒட்டியே என் விரல் தேய்ந்திருக்கிறது. ஆனால் அந்த அம்மாவிடம் போய் அதைச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

பகலெல்லாம் தனியாக இருக்கிறாரே என்று அரைப்புள்ளிதான் அவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். விரலால் மேலே தள்ளத் தள்ள அடுத்த வீடியோ வரும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்ததும் அவளே. முதலில் பழைய பாட்டு, பூனைக்குட்டி, ரவிக்கைக்குக் கை தைக்கிற விதம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் கழித்து ஒரு நாள், அரைப்புள்ளி பொத்தான் தேடப் போய்த் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். நூல்கண்டுகளுக்கு அடியில் சர்க்கரை மாத்திரை அட்டைகள் கிடந்தன. மூன்று மாதத்து மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பதினைந்து வருடமாகச் சர்க்கரை உள்ள உடம்பு அது.

"அதெல்லாம் கிட்னியைத் தின்னுடும்டீ. ஒரு டாக்டர் தினமும் சொல்றார்."

"அவன் டாக்டரே இல்லம்மா. வெள்ளைக் கோட்டு போட்டிருக்கான், அவ்வளவுதான்."

"உனக்கு அந்தக் கோட்டாவது இருக்கா?"

கெஞ்சினாள், அழுதாள், நிஜ டாக்டரிடம் கூட்டிப்போனாள். நிஜ டாக்டருக்கு இருந்தது நாலு நிமிடம். கோட்டுக்காரனுக்கு நாள் முழுக்க இருந்தது. போனைப் பிடுங்கி அச்சகத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள் ஒரு தடவை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சர்க்கரைக்காரர் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாள் காலையில் இவளே கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள்.

அந்தச் செயலியின் ஏதோ ஒரு மூலையில், உங்களைப் பற்றி எங்களிடம் இருப்பதன் நகல் வேண்டுமா என்று ஒரு பொத்தான் இருந்ததாம். அம்மா கணக்கிலிருந்து அதை அழுத்தினாள். மூன்று நாளில் கோப்பு வந்தது. மதிய இடைவேளையில் அதை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அம்மா எந்த வீடியோவில் எத்தனை விநாடி நின்றார் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்து வைத்திருக்கிறார்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா, சிரித்தாரா பயந்தாரா என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. நின்றாரா, எவ்வளவு நேரம் நின்றார், அவ்வளவுதான். நின்றதைப் போலவே இன்னும் நாலு அனுப்புவார்கள்.

அரைப்புள்ளி ஒரு வரியில் விரலை வைத்தாள். அதற்கு முன்னால் எல்லாம் ஐந்து விநாடி, பன்னிரண்டு விநாடி என்று இருந்தது. இந்த வரியில் நானூறு. கோட்டுக்காரன் முதன்முதலாக வந்த வரி அது.

"இந்தத் தேதி ஞாபகம் இருக்காக்கா? காய்ச்சல்னு நான் சீக்கிரம் கிளம்பின நாள். நான் பெல் அடிச்சேன். அம்மா போனை அப்படியே மெத்தையில போட்டுட்டு வந்து கதவைத் திறந்தாங்க. எனக்கு வெந்நீர் வெச்சாங்க. இந்த நானூறு விநாடியும் அம்மா அந்த ரூம்லயே இல்லக்கா."

"அப்போ பார்த்தது யாரு?"

"யாருமே இல்ல. வீடியோ முடிஞ்சு முடிஞ்சு மறுபடி ஓடிட்டு இருந்திருக்கு. அம்மா கண்கொட்டாமப் பார்த்தாங்கன்னு அது எழுதிக்கிச்சு. மறுநாள் காலையில மூணு கோட்டு வந்திருக்கு பாருங்க."

வெந்நீர் வைத்த நேரத்தை அந்தச் சனியன் ஆசை என்று எழுதிக்கொண்டது. அரைப்புள்ளி அழவில்லை. அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

"அம்மா அச்சுல வந்தாத்தானே நம்புவாங்க? அச்சுலயே காட்டுறேன்" என்றாள்.

வினோதமாகப் புத்தகம் செய்கிற ஒரு கூட்டத்தோடு அவளுக்குப் பழக்கம் இருந்தது. மூடிப்போன ஒரு கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். இரண்டு பக்கமும் திறக்கிற புத்தகம், எழுத்தே இல்லாத புத்தகம். தண்ணீரில் நனைத்துக் காயவைத்த புத்தகம் ஒன்றை ஒரு தடவை பெருமையாகக் காட்டினாள். "நம்ம கிடங்குல மழைக்கு நனைஞ்சது நூறு இருக்கே, அதுங்களையும் கூட்டிட்டுப் போயேன்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் இந்தப் புத்தகத்துக்கு அவள் போட்ட திட்டத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வீடியோவுக்கு ஒரு தாள். முன்பக்கம் அந்த வீடியோவின் தலைப்பும் அம்மா நின்ற விநாடியும். பின்பக்கம், அப்படி நின்றதற்காக அடுத்து அனுப்பப்பட்டவை. விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் தாளின் உயரம். ஐந்து விநாடிப் பாட்டு நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நானூறு விநாடித் தாள் மட்டும் புத்தகத்தைவிடப் பெரிது, மடித்து உள்ளே வைக்க வேண்டும். அதற்குப் பிறகு தாள்கள் ஒவ்வொன்றாக வளர்ந்து, கடைசியில் எல்லாமே முழு உயரம். மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் படிக்கட்டு. தொண்ணூற்றாறு தாள், ஐம்பது பிரதி. ஒவ்வொரு தாளாக அளந்து நறுக்கியது இந்தக் கைதான். மணிக்கட்டு இன்றைக்கும் வலிக்கிறது.

முதலில் நாலு பக்கத்துக்கு ஒரு முன்னுரை இருந்தது. 'அம்மா, இந்தப் புத்தகத்தில் இருப்பது எதுவும் உண்மை இல்லை. உனக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் உண்மை' என்று ஆரம்பிக்கும். கூட்டத்தின் தலைவர், எப்போதும் தொப்பி போட்டிருப்பவர், அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். விளக்கம் சொன்னால் புத்தகம் செத்துவிடும், வாசகர் தானே கண்டுபிடிக்கட்டும் என்றாராம். அவர்கள் புத்தகம் எதிலும் முன்னுரை கிடையாது, அது அவர்கள் ஆசாரம்.

தொப்பிக்காரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவள் என்னிடமும் வந்து கேட்டாள். பதினாறு பக்கம் சேர்த்து மடித்துத் தைத்தால் ஒரு பாரம். புத்தகம் பன்னிரண்டு பாரத்தில் கச்சிதமாக முடிந்தது. முன்னுரையைச் சேர்த்தால் நாலு பக்கம் தொங்கும், அதைத் தனியாக ஒட்ட வேண்டும், ஒட்டின தாள் பிய்ந்து வரும். "முன்னுரை இல்லாட்டி எனக்கு வேலை சுத்தமா முடியும்" என்றேன். சுத்தமாகத்தான் முடிந்தது.

முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தாள். அட்டையில் மகள் பெயரைப் பார்த்ததும் அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். மூன்று நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாள் விடாமல் படித்திருக்கிறார். போன் ஒரு ஓரமாகக் கிடந்ததாம். "பலிச்சிடுச்சுக்கா!" என்று குதித்துக்கொண்டு வந்தாள் அரைப்புள்ளி. ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

உள்ளே போனதும் கண்ணில் பட்டது பீரோ கதவு. மடித்து வைத்த அந்த நீளத் தாளை, ஓரம் கிழியாமல் கத்தரித்து, கதவில் ஒட்டியிருந்தார் அம்மா. மேலே கொட்டை எழுத்தில், 'மாத்திரை உங்கள் சிறுநீரகத்தைத் தின்கிறது.' அந்த எழுத்துருவை அரைப்புள்ளி ஒரு வாரம் தேடிப்பிடித்தாள்.

"வாம்மா, வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாள் என்கூடச் சண்டை போட்டுட்டு, இவளே அச்சுல போட்டுட்டா பார்த்தியா! எது முக்கியமோ அதைப் பெரிசா, முக்கியமில்லாததைச் சின்னதா. பொறுமையா எப்படிப் பிரிச்சு வெச்சிருக்கா!"

அரைப்புள்ளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அது அப்படி இல்லம்மா. நீ எவ்வளவு நேரம் நின்னியோ அதான் அந்த உயரம். அன்னைக்கு நீ எனக்கு வெந்நீர் வெக்கப் போயிட்ட, அது தெரியாம..."

"பொய்யா இருந்தா என் பொண்ணு அச்சடிப்பாளா?" என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவ்வளவு பெருமை.

மறுநாளே அந்த நாலு பக்கத்தையும் அச்சடித்தோம். நானே பசை தடவி, புத்தகத்தின் முன்னால் ஒட்டிக் கொடுத்தேன். அம்மா தடவிப் பார்த்தார். தைத்துப் பிழைத்த விரல் அது, ஏமாற்ற முடியுமா? "இது தையல்ல இல்லையே. அப்புறமா ஒட்டினது. உங்களை யாரோ மிரட்டி ஒட்டச் சொல்லியிருக்காங்க, இல்ல?" என்றார். மிரட்டுவார்கள் என்பதையும் கோட்டுக்காரன் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான்.

மிச்ச நாற்பத்தொன்பது பிரதியும் அந்தக் கூட்டம் வைத்த கண்காட்சியில் கைக்குக் கை போனது. தொப்பிக்காரர் அரைமணி நேரம் பேசினார், இது காலத்தின் கண்ணாடி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அரைப்புள்ளி மூலையில் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் புரிய வேண்டிய ஒரே ஒரு ஆளைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று அம்மா கூப்பிட்டார். ஊசியையே அவர் தலைகீழாகப் பிடித்திருந்தாராம். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், அறுவை செய்தார்கள். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்கு வெளிச்சம், அவ்வளவுதான். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதால் வந்தது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிதான் கண்ணை எடுத்தது என்கிறார் அம்மா. அவருக்கு அப்படிச் சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழக்கத்தில் அரைப்புள்ளி மறுபடியும் அந்தக் கோப்பை வரவழைத்திருக்கிறாள். போன மாதம் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். பார்வை போன பிறகான இரண்டு மாதம். ஒவ்வொரு வரியிலும் முழுதும் பார்த்தார், மறுபடியும் பார்த்தார் என்று இருந்தது. திரை தெரியாததால் அம்மாவால் தள்ள முடியவில்லை. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், ஒரே வீடியோ திரும்பத் திரும்ப ஓடுகிறது. இவ்வளவு ஆழ்ந்து பார்க்கிற ஆள் கிடைத்ததில் அந்த எந்திரத்துக்குச் சந்தோஷம் போலிருக்கிறது, கோட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரையும் அனுப்புவதே இல்லை.

"இதைப் புத்தகமாப் போட்டா உங்களுக்கு வேலையே இல்லக்கா. எல்லாத் தாளும் ஒரே உயரம். சும்மா சாதாரண புக்கு மாதிரிதான் இருக்கும்" என்றாள். நான் கத்தரிக்கோலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. அதைக் கிழித்தால் பசை இழுக்கிற சத்தம் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று விட்டுவைத்திருக்கிறாளாம். அம்மா கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சில் போன். கோட்டுக்காரன் ஒரே பேச்சை மூன்றாவது தடவையாகப் பேசிக்கொண்டிருந்தான். அரைப்புள்ளி சமையலறையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது போதும்டீ, கேட்டாச்சு. வந்து அடுத்ததைத் தள்ளிவிடு" என்று அம்மா கூப்பிட்டார்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தச் செயலி எப்படி எண்ணுகிறது, எதை எழுதிக்கொள்கிறது, தள்ளினால் அடுத்து யார் வருவான் என்று எனக்குப் பழக்கமானவர்களில் அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு "ஆனா" வரும் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா" என்றாள். கட்டை விரலால் மேலே தள்ளிவிட்டாள்.