பெரியப்பாவின் நீண்ட ஜெபம்

ஆழ்ந்த ஆலோசனைக்குப் பின், இன்று காலை ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

வந்து உட்கார்ந்தவர் முருகன் அண்ணன். போன மாதம் இறந்த என் பெரியப்பாவோடு தோல் கம்பெனியில் கழிவுத் தொட்டி சுத்தம் செய்தவர்.

“உங்க பெரியப்பா போனப்புறம் வேலை சீக்கிரம் முடியுதுப்பா” என்றார்.

உண்மைதான். தொட்டியின் மூடியைத் திறந்ததும் பெரியப்பா எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து ஜெபம் செய்வார். இறங்கப்போகிறவர், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார் என்று ஒருவர் பெயரையும் விடமாட்டார். ஒரு மணி நேரம் ஆகும். ஆமென் சொல்லும்வரை யாரும் இறங்க முடியாது. சாமி விஷயம் என்பதால் முதலாளியும் வாயைத் திறக்கமாட்டார்.

என்னிடம் மட்டும் பெரியப்பா ஒருமுறை சொன்னார்: “ஆண்டவருக்கு ஒரு நிமிஷம் போதும்டா. மீதி நேரம், உள்ள இருக்கிற விஷவாயு வெளிய போறதுக்கு.”

“இப்போ யாருண்ணா ஜெபம் பண்றாங்க?”

“புது சூப்பர்வைசர் செல்போன்ல போட்டுடறார். ரெண்டே நிமிஷம். இன்னிக்கும் பத்தரைக்கு மூடி திறக்கறோம்.”

பெரியப்பா சொன்னதைச் சொன்னேன்.

“அவரு பக்தியைப் பத்தி இன்னா பேச்சு பேசற நீ” என்று கோபித்துக்கொண்டு அண்ணன் இறங்கிப் போய்விட்டார்.

பதினோரு மணியிலிருந்து அண்ணனை ஐந்து முறை போனில் கூப்பிட்டேன். போன் அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.