கன்னியம்மாளின் மூடு பகடை

பேய்க்குக் குரல் கொடுக்கும் முன் கன்னியம்மாள் ஒரு பன்னீர் சோடாவை உடைத்துப் பாதியைக் குடிப்பார். தாராளமாக ஒரு ஏப்பம் விடுவார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அதற்கப்புறம் வருகிற குரல், எட்டு விசைத்தறிகளின் சத்தத்துக்கு மேலே முப்பது வருஷம் பேசிப் பழகிய குரல். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, ஆந்திர எல்லை ஊரான நகரியில் அவர் வீட்டு வழியாகப் போகிற வெளியூர்க்காரர்கள், "ஏய் மனுசப் பதரே, எங் கோட்டைல இன்னாடா வேல ஒனுக்கு?" என்று கேட்டுச் செருப்போடு திடுக்கிட்டு நிற்பதுண்டு. உள்ளூர்க்காரர்கள் நிற்பதில்லை. "அக்கா ஆட்டம் ஆடிக்கினு கீது" என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஆட்டம் இதுதான். மேசையைச் சுற்றி நாலு பேர். மூன்று பேர் ஆளுக்கொரு வேஷம்: திருடன், வைத்தியச்சி, மந்திரவாதி. நாலாவது ஆள், மிச்சமுள்ள உலகம் முழுவதும். காடு, ராஜா, மழை, பேய் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேஷக்காரர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்ல, அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். அந்த நாலாவது ஆள்தான் கன்னியம்மாள்.

பகடை கையில் உருளுவதில்லை. அவர் மடியில் இருக்கும் டேப் என்கிற தொடுதிரைப் பலகையில், ஓர் ஆப்பில் உருளுகிறது. அந்த ஆப்பிலேயே பேய்களின் ஆயுள் கணக்கு, இடிச் சத்தம், ஊர்ப் படம் எல்லாம் இருக்கின்றன. பிச்சாட்டூர் அணையை வானத்திலிருந்து எடுத்த படத்தை இறக்கி, அதன்மேல் கோட்டை ஒன்றை ஒட்டி, முழுவதையும் கறுப்பால் மூடி வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் நடக்க நடக்க, கன்னியம்மாள் விரலால் தேய்ப்பார். சுவரில் இருக்கும் டி.வி.யில் அந்த இடம் மட்டும் வெளுக்கும். தடாவுக்குப் போகும் ரோட்டில் ஒரு பூதத்தை நிறுத்தியிருக்கிறார். அதற்கு மூன்று தலை. ஒன்று தமிழ் பேசும், ஒன்று தெலுங்கு பேசும், மூன்றாவது இங்கிலீஷில் நம்பர் மட்டும் சொல்லும்.

ஆப் முழுவதும் இங்கிலீஷ். கன்னியம்மாளோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தறிக்கு நூல் தார் சுற்றும் கூலியாக வந்து, எட்டுத் தறிக்கு முதலாளி ஆனவர். இதை அவர் சொல்லாத ஞாயிறு கிடையாது. சொன்னால்தான் என்ன? சொந்தக் காலால் ஏறியவர்கள் ஏணியைத் தட்டிக் காட்டத்தான் செய்வார்கள். "எந்த நூலு அறுந்துச்சின்னு சத்தத்த வெச்சே சொல்லுவேன். இந்தப் பலக இன்னா, பேசாத தறி" என்பார். திரையில் இருக்கும் சின்னப் படங்களை, அவர் பாஷையில் பொம்மைகளை, ஒவ்வொன்றாக அமுக்கி, அமுக்கினால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பட்டம் வாங்கியவர்கள் வழிமுறைப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஊரடங்கு நாளில் மாடியில் வாடகைக்கு இருந்த பரணி என்ற கம்ப்யூட்டர்காரர்தான் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர். சத்தம் போடாதே என்று திட்ட மாடி ஏறிய கன்னியம்மாள், நாலு வாரம் கதவோரம் நின்று கேட்டார். ஐந்தாவது வாரம், "எந்திரி நைனா. பேய இப்டியா பேச வுடுவ? பேங்க்ல டோக்கன் குடுக்கறவன் மாதிரி கீது" என்று சொல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பரணி பெங்களூருக்குப் போய்விட்டார். கன்னியம்மாள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்போது ஆட வருகிறவர்களில் ரமணா பஸ் டிரைவர். அவருடைய திருடன் மூன்று முறை செத்தான். ஒவ்வொரு தடவையும் அதே மீசையோடு புதுத் திருடன் வந்துவிடுவான். மருந்துக்கடை வள்ளி, ஆட்டத்திலும் வைத்தியம்தான் பார்க்கிறார். மூன்றாமவர் தேசிகன். திருப்பதியில் கோயில் கைங்கரியக் குடும்பம். கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறார். ஞாயிறுதோறும் ரயிலேறி வருகிறார். அவருடைய மந்திரவாதியின் பெயர் அக்னிதத்தன். மூன்று வருஷத்தில் அக்னிதத்தன் ஒரு தடவைகூடச் சாகவில்லை. "அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கப்படாது. நிகழ்தகவு! கணக்குப் பண்ணி ஆடறேன்" என்பார். அப்போது வள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வம்பு ஒரு கண்ணால் வந்தது. ஆப்பில் கண் போன்ற ஒரு பொம்மை உண்டு. அதை அமுக்கினால் கண் மூடிக்கொள்ளும். உருட்டிய எண் கன்னியம்மாளுக்கு மட்டும் தெரியும்; மற்றவர்களுக்கு அவர் வாயால் சொல்வதுதான் எண். பேய் அடிக்கும்போதெல்லாம் அவர் அந்தக் கண் பொம்மையை மூடிவிடுவார். பேய்க்குப் பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஆள் காலி. போன மாதம் ஒரு ஞாயிறு, ரமணாவின் நாலாவது திருடன் பேயின் கைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டான். கன்னியம்மாள் உருட்டி, "ரெண்டு. பொழச்சிப் போ" என்றார். தேசிகனின் புருவம் ஏறியது.

அடுத்த ஞாயிறு அவர், மூன்று வருஷமாக ஆட்டத்தைக் குறித்துவரும் தன் தடிமனான நோட்டோடு வந்தார். தன் நாற்காலியைக் கன்னியம்மாளின் தோளோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்கப்படாது. இதுல உருட்டினதெல்லாம் அப்படியே பதிவாறது. நீங்க வாயால சொன்னதெல்லாம் என் நோட்டுல இருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டுடலாம். ஊர்க்காரான்னு சலுகை காட்டியிருந்தா, இனிமே ஆட்டத்தை நான் நடத்தறேன். ஒத்துக்கறேளா?"

பதிவாகிறது என்பது கன்னியம்மாளுக்குத் தெரியாது. பதிவைக் காட்டும் அந்தப் பொம்மையை மட்டும் அவர் அமுக்கிப் பார்த்ததில்லை. முகம் வெளுத்தது. தறி போனால் வேறு தறி வாங்க அவருக்குத் தெரியும். ஒரு உலகத்தையே ஆட்டிவைக்கிற இந்த இடம் போனால், அதை எந்தக் கடையில் கேட்பது?

"இன்னாத்துக்கு சாமி அதெல்லாம்? பேய் காத்துக்கினு கீது. ஆடலாம் வா."

"பயமா?"

'பயமா' என்று கேட்ட பிறகு மறுப்பதாவது! கன்னியம்மாள் டேப்பை எடுத்து மேசை நடுவில் வைத்துவிட்டார்.

தேசிகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரமணாவின் திருடனிலிருந்து தொடங்கினார். பதிவில் இரண்டு. நோட்டில் இரண்டு. திருடன் முன்னால் செத்த மூன்று சாவையும் தேடினார். மூன்றும் சரியாகப் பொருந்தின.

"அப்ப நா செத்ததெல்லாம் நெஜமா அக்கா? அய்யோ தேவுடா!" என்றார் ரமணா.

"நெஜந்தான். செத்தவன் சும்மா இரு." கன்னியம்மாள் டேப்பை இழுக்கப் பார்த்தார். "அதோட வுடு சாமி. பாத்துட்ட இல்ல?"

"முழுசும் பாத்தாத்தான் ஆய்வு." தேசிகன் முதல் வருஷத்துக்குப் போனார். விரல் நின்றது. குரல் எகிறியது. "பாத்தேளா! ஜூலை ஒம்பது. விழுந்தது பதினெட்டு, சொன்னது மூணு! பாத்தேளா!"

"அடி ஆரு மேல?" என்று கேட்டார் வள்ளி.

தேசிகன் நோட்டைப் பார்த்தார். "அக்னி... அக்னிதத்தன்."

அடுத்தது செப்டம்பர். விழுந்தது இருபது, சொன்னது ஆறு. அக்னிதத்தன். அதற்கடுத்தது பத்தொன்பது, சொன்னது ஒன்று. அக்னிதத்தன். நாலாவதில் குரல் இறங்கியது. ஆறாவதற்கு மேல் சத்தமாகப் படிக்கவில்லை. விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. விரல் நின்ற இடங்களை வள்ளி எண்ணினார்.

"பதினொண்ணு."

"சாமி, மீரு பதினொண்ணு தபா போய்ட்டீங்களா?" ரமணா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "நானே மூணுதான். சீனியர் மீரு!"

"பதினோரு சாவுக்கும் எங் கடையிலேர்ந்து ஒரு மாத்தரகூட போவல" என்றார் வள்ளி.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" பேயின் குரல் தானாக வந்துவிட்டது. கன்னியம்மாள் அதை அடக்கிக்கொண்டு தேசிகன் பக்கம் திரும்பினார். "மொத தபா பதினெட்டு வியுந்துச்சி சாமி. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். நீ மூச்சே வுடாம, நோட்டப் புடிச்சிக்கினு, பரிச்ச ரிசல்ட்டு பாக்க வந்த புள்ள மாதிரி கீற. எனுக்கு வாய் வர்ல. இவன் செத்தா சிரிக்கறான், மறுவாரம் மீச வெச்சிக்கினு வர்றான். நீ அப்டியா? அப்பறம் ரயிலு ஏறுவியா நீ?"

தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. டி.வி.யில் பேய் கையை ஓங்கியபடி நின்றுகொண்டிருந்தது. அதன் எதிரே, போன வாரத்திலிருந்து அப்படியே, அக்னிதத்தன்.

"நாங் கள்ளாட்டம் ஆடனது நெஜம். எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கறேன்" என்றார் கன்னியம்மாள். அவர் விரல் அந்தக் கண் பொம்மைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "இல்ல, ஆடலாம்ன்னா இப்பவே சொல்லிடு. தொறந்து உருட்டட்டா, மூடி உருட்டட்டா?"

ரமணா சிரிப்பை நிறுத்தினார். வள்ளியும் தேசிகனையே பார்த்தார்.

தேசிகன் எழுந்தார். கன்னியம்மாளின் தோளோரம் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கினார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், டேப்பின் திரை கண்ணில் படாத அந்தப் பக்கத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.