கோகிலா டீச்சரும் இரண்டு முறை கழற்றிய கியர்பாக்ஸும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சரின் தங்கை அழைத்தார். "சார், அக்கா போயிட்டாங்க. காப்பி குடுக்கலாம்னு போனனுங்க, எந்திரிக்கவே இல்ல." கையிலிருந்த துணியை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. புதுச்சத்திரத்தில் அவரோடு பணியாற்றியவர்களும், காவிரிக்கரைப் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்தவர்களும் ஆளுக்கொன்று சொல்வீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு காரைப் பற்றி. அதில் என் யோக்கியதையும் வெளியே வரும். வரட்டும்.

டீச்சருக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வெளியூர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு இரண்டு முறை தேடி வந்தும், வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். பயம் பள்ளியைப் பற்றியல்ல, பேருந்தின் படிக்கட்டைப் பற்றி. பிறகு பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். அதில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. முதல் நாள் பள்ளிக்குள் ஓட்டிவந்து இறங்கியவர், "இந்தக் காலுக்கு இனிமே லீவுங்க சார்" என்றார்.

மூன்றாவது முறை பதவி உயர்வு ஜேடர்பாளையம் பக்கம், அந்தக் காவிரிக்கரைப் பள்ளிக்கு வந்தது. கார் இருக்கும் தைரியத்தில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே கியர்பாக்ஸ் படுத்துவிட்டது. எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பெரிய ஒர்க்‌ஷாப்பில், மொத்தமாக மாற்ற வேண்டும், பல மாதம் ஆகும் என்றார்கள். சேலத்தில் ஒருவர் பிரித்துச் சரிசெய்து தருவார், ஆனால் நாம்தான் கழற்றிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்க வேண்டும். பள்ளி திறக்க ஐந்து வாரம் இருந்தது. கார் ஓடாவிட்டால் மூன்றாவது முறையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

நான் புதுச்சத்திரத்தில் அவரோடு வேலை பார்த்த தொழிற்கல்வி ஆசிரியர். இருபது வருடம் கரும்பலகையில் கியர்பாக்ஸ் வரைந்த வீரன். "உங்க ஊட்டுலயே கழட்டிரலாம் டீச்சர்" என்று வாயை விட்டேன். ஆட்டோமேட்டிக் ஒன்றையும் அதுவரை தொட்டதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. துணைக்கு நாமக்கல் லாரிப் பட்டறையிலிருந்து பாஷா பாய் வந்தார். லாரி கியர்பாக்ஸில் அவருக்குத் தெரியாத பல் இல்லை.

காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினோம். எஞ்சின் விழாமல் மேலே குறுக்கே ஒரு கட்டை போட்டுச் சங்கிலியால் பிடித்தோம். எண்ணெயை வடித்து, கியர்பாக்ஸ் பெட்டியை லாரி ஜாக்கியில் இறக்கினோம். டீச்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பெயர் எழுதினார். மேல் நெட்டையன், கீழ்க் குட்டையன் என்று. சாயங்காலம் அவர் பெயர் கூப்பிடுவார், பாய் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "உள்ளேன் டீச்சர்" என்பார். வீடே சிரிக்கும்.

சேலத்திலிருந்து பெட்டி சரியாகி வந்தது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய பெரிய வட்டு ஒன்று உண்டு, கன்வெர்ட்டர் என்பார்கள். அதைச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் மூன்று முறை லொடக்கென்று உள்ளே இறங்க வேண்டும் என்று சேலத்துக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை இறங்கியது. மூன்றாவது வரவே இல்லை.

"மூணு தடவ எறங்குச்சுங்களா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

பெட்டியைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தால் விரல் நுழையும் இடைவெளி. பாய் என்னைப் பார்த்தார். "உள்ள சரியா உக்காந்துருச்சுன்னு சார் சொல்றாரு. அப்பறம் என்ன, லாரியில பண்றாப்புல போல்ட்ட வெச்சே இழுத்துருவோம்" என்று ஸ்பேனரைப் போட்டார். இடைவெளி மூடியது. எல்லா போல்ட்டும் ஆஜர். எஞ்சினைப் போட்டதும் உள்ளே ஏதோ அரைபடும் சத்தம். வண்டி அசையவில்லை. மறுபடி இறக்கிப் பார்த்தால், கன்வெர்ட்டர் அழுத்தியதில் பெட்டியின் எண்ணெய் பம்ப் உடைந்திருந்தது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்புதான் டீச்சர். லாரி புத்தி, காருக்குக் காட்டிட்டேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது.

மறுநாள் காலை டீச்சரும் பாயும் இருக்கும்போது போய்ச் சொன்னேன். "ரெண்டு தடவைதாங்க எறங்குச்சு. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." திட்டுவார் என்று காத்து நின்றேன். டீச்சர் பதிவேட்டைத் திறந்து, போல்ட்டுகளுக்குக் கீழே என் பெயரை எழுதி, எதிரே 'தாமதம்' என்று போட்டார். "லேட்டா வந்தாலும் தானா வந்துட்டீங்கல்லங்க. ஆப்சென்ட் போட முடியாது" என்றார். பிறகு பாயிடம், "பாய், பாதிப் பழி எறங்கிருச்சுங்க, டீ குடிங்க" என்றார்.

ஆனால் பம்ப் வரத் தாமதமானது. பள்ளி திறந்துவிட்டது. இந்த முறை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. பதினோரு நாள், நாமக்கல்லில் மாறி இரண்டு பேருந்தில் போனார். ஒருநாள் நிறுத்தத்தில் பார்த்தேன். பையைக் கழுத்தில் மாட்டி, இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி, உடம்பையே மேலே இழுத்து ஏறினார். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் வந்த கோபம் உடனே என்மேல் திரும்பியது. பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினேன். "என்னைய நீங்க கூட்டிட்டுப் போனா, பெட்டிய யாருங்க பாக்கறது? அதப் பாருங்க" என்றுவிட்டார்.

பம்ப் வந்து சேர்ந்ததும், இரண்டாம் முறை டீச்சரும் கன்வெர்ட்டர்மேல் கை வைத்துக்கொண்டார். இறங்க இறங்க மூவரும் சத்தமாக எண்ணினோம். பெட்டி எஞ்சினோடு தானாகப் போய்ச் சேர்ந்தது, போல்ட்டுக்கு இழுக்கும் வேலையே இல்லை. மறுநாள் அவர் காரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அதன் பிறகு ஆறு வருடம் போனார்.

காரியம் முடிந்ததும், பள்ளியின் பீரோ சாவிகளை ஒப்படைத்து வரும்படி தங்கை சொன்னார். அதே காரில் போனேன். வாசலில் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பழக்கத்தில் ஓடிவந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் இறங்கியதைப் பார்த்து முகங்கள் சுருங்கின. ஒரு பெண் மட்டும் கிட்டே வந்தாள்.

"சார், டீச்சர் காரை ரெண்டு தடவ கழட்டி மாட்டுனது நீங்கதானுங்களா?"

"ஆமா சாமி. ஏன் ரெண்டு தடவன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்களே. மொதல்ல பொய் சொல்லிட்டீங்களாம். அடுத்த நாளு நீங்களே வந்து நெசத்தச் சொல்லிட்டீங்களாம். அதுக்கு எங்க கிளாஸ் பூராவும் கை தட்டுனமுங்க."

டீச்சரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் கைதட்டல். என் பொய்யால் பதினோரு நாள் பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர், எனக்குத் தெரியாமல் எனக்காக வாங்கி வைத்தது.